நூல்நிலையத்துக் கணினியும் அதன் விதிகளும்

தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போனால் அங்கே அடிக்கடி போய் உட்காரும் இடம் நூல்நிலையமாகத்தான் இருக்கும். அந்த நூல்நிலையத்தில் இன்று புத்தகம் தேடவும், இரவல் வாங்கவும், கட்டுரை எழுதவும் கணினி உண்டு. கணினிக்குப் பக்கத்தில் விதிகளும் உண்டு. உறுப்பினர் எண்ணைக் கொடு, மறைச்சொல்லைப் பிறருக்குச் சொல்லாதே, பிறர் காத்திருந்தால் நேரம் முடிந்ததும் எழுந்து இடங்கொடு என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். விதி என்றதும் நமக்குத் தோட்டத்து ஆபீஸ் அறிவிப்புப் பலகை நினைவுக்கு வருவது இயல்பே. யாரோ நம்மைக் கட்டிவைக்க எழுதியது என்றெண்ணி, புதிதாய்ப் போகும் பிள்ளைகள் சிலர் அந்த நாற்காலியில் உட்காரவே தயங்குகிறார்கள். இவ்விதிகள் எங்கே, எதற்காகப் பிறந்தன என்பதை இன்று காண்போம்.

கணினி வருவதற்கு முன்பிருந்த விதிகள் புத்தகத்தைக் காப்பதற்காக எழுந்தவை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் பாட்லி என்பவர் புதுப்பித்த நூல்நிலையம் 1602ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே பெரிய புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். படிக்க வருபவர், நெருப்பு எதையும் உள்ளே கொண்டுவருவதில்லை என்று உறுதிமொழி சொல்லவேண்டும். புத்தகத்தை வெளியே கொடுப்பதில்லை என்பதும் விதி. 1645இல் மன்னர் முதலாம் சார்ல்ஸ் ஒரு புத்தகம் இரவல் கேட்டபோது நூல்நிலையத் தலைவர் விதியைக் காட்டி மறுத்துவிட்டார், மன்னரும் ஏற்றுக்கொண்டார். மன்னருக்கும் ஒரே விதி என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் பட்டம் பெற 1920 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா விதியும் நல்ல விதி என்று நான் வாதாட வரவில்லை.

கணினிக்கான விதிகள் பிறந்தது அமெரிக்காவில். 1960ஆம் ஆண்டு வாக்கில் கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். விலையோ பல லட்சம் டாலர். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது. மாணவர் தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில், சில வேளை மறுநாள் வரையில் காத்திருப்பார். ஓர் எழுத்துப் பிழையிருந்தாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

இந்தத் தொல்லைக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். 1961 நவம்பரில் அதைச் செய்தும் காட்டினார்கள். ஒரே இயந்திரத்தோடு பல தட்டச்சுக் கருவிகளை இணைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கணநேரம் என்று மாற்றி மாற்றிக் கவனிக்கச் செய்தார்கள். நம் சின்னத் தோட்டப் பள்ளிகளின் கூட்டு வகுப்பை நேயர்கள் அறிவீர்கள். மூன்றாம் ஆண்டுக்குக் கணக்கு எழுதக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் நான்காம் ஆண்டின் பக்கம் திரும்புவார். அவர்கள் எழுதத் தொடங்கியதும் மறுபடி இந்தப் பக்கம் வருவார். கணினி செய்ததும் அதுதான். வேகம் மிகுதியாக இருந்ததால் ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தமக்கே சொந்தம் போல் தோன்றியது. பின்னர் ஏறக்குறைய 30 பேர் ஒரே நேரத்தில் வேலைசெய்யும் அளவுக்கு அது வளர்ந்தது.

பலர் கூடிப் பயன்படுத்தும்போது யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று தெரியவேண்டாமா? நம் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பதுபோல, ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு வைத்தார்கள். ஒருவர் கணக்கில் மற்றவர் நுழையாதிருக்க மறைச்சொல் கொடுத்தார்கள். வாரத்துக்கு இத்தனை மணி என்று அளவும் வைத்தார்கள்.

அளவு வைத்த இடத்தில் அளவை மீறும் ஆசையும் வந்துவிடுகிறது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே கிடைத்தது. அவர் ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லோருடைய மறைச்சொல்லும் அடங்கிய பட்டியலை அச்சிட்டுத் தரும்படி ஓர் அட்டையில் துளையிட்டுக் கொடுத்துவிட்டார். இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியுமா? சொன்னபடி அச்சிட்டு வைத்தது. சனிக்கிழமை காலையில் போய் எடுத்துக்கொண்டார். அவர் பிறர் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மணியும் இன்னொருவருடைய மணி. பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியே சொன்னார். 1966இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. கோப்புகள் இடம் மாறிப்போனதால், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய மறைச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன! மறைச்சொல்லை உள்ளபடியே எழுதிவைக்காமல் உருமாற்றி வைக்கும் வழக்கம் பிற்பாடு வந்தது.

இனி நூல்நிலையத்துக்கு வருவோம். ஒகாயோ மாநிலத்துக் கல்லூரிகள் கூடி 1967இல் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. பிரெட் கில்கூர் அதற்குத் தலைவர். ஒரே புத்தகத்தை ஐம்பது கல்லூரிகள் வாங்கினால் ஐம்பது இடத்தில் ஐம்பது பேர் அட்டை தட்டச்சு செய்வது வீண்வேலை அல்லவா? ஒருவர் கணினியில் பதிந்தால் மற்றவர் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். 1971 ஆகஸ்ட் 26ஆம் நாள் ஒகாயோ பல்கலைக்கழகத்து ஆல்டன் நூல்நிலையம் இம்முறையில் வேலையைத் தொடங்கி, முதல் நாளில் 133 புத்தகங்களைப் பதிந்தது. அந்த அமைப்பு அட்டைகளையும் அச்சிட்டு அனுப்பிவந்தது. 2015இல் அதை நிறுத்தியபோது ஏறத்தாழ 190 கோடி அட்டைகள் அச்சாகியிருந்தன.

பொதுப் பட்டியல் என்றால் எழுதும் முறையும் பொதுவாக இருக்கவேண்டும். இதில் நமக்கு ஒரு செய்தி உண்டு. வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். நமக்கோ அப்பா பெயர்தான் உண்டு. 1978இல் வெளிவந்த ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, குடும்பப் பெயரில்லாத தமிழரை அவரவர் சொந்தப் பெயரின்கீழ் பதியவேண்டும் என்று வகுத்தது. ஆகவே தமிழ் எழுத்தாளரைத் தேடும்போது முதலெழுத்தை விட்டு, அவர் பெயரையே முதலில் தட்டுங்கள். கிடைக்காவிட்டால், பதிந்தவர் விதியறியாமல் அப்பா பெயரின்கீழ் வைத்துவிட்டாரோ என்று அங்கேயும் ஒருமுறை தேடுங்கள்.

கடைசியாக ஒரு விதி. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முன்பெல்லாம் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு சிறு பையும் அட்டையும் இருக்கும். இரவல் வாங்கியவர் பெயரெல்லாம் அதில் வரிசையாக இருக்கும், யாரும் பார்க்கலாம். கணினி வந்தபின் அப்பெயர்கள் கண்ணுக்கு மறைந்தன. ஆனால் ஒருவர் என்னென்ன படித்தார் என்று ஒரே நொடியில் தொகுத்துத் தரும் ஆற்றல் கணினிக்கு வந்துவிட்டது. அந்தத் தொகுப்பு யாருடையது?

1987 ஜூனில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணித, அறிவியல் நூல்நிலையத்துக்கு அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் இருவர் வந்தார்கள். வெளிநாட்டவர் அங்கே என்ன படிக்கிறார்கள் என்று ஊழியரை விசாரித்தார்கள். சோவியத் நாட்டு உளவாளிகள் நூல்நிலையங்களில் தகவல் திரட்டுகிறார்கள் என்பது அவர்கள் சந்தேகம். நூல்நிலையப் பொறுப்பிலிருந்த பாலா காப்மன் என்ற அம்மையார், படிப்பவரின் விவரத்தைக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் செய்தி பத்திரிகையில் வந்தது. இன்னும் பல நூல்நிலையங்களுக்கும் அவர்கள் போயிருந்தது தெரியவந்தது. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. அம்மையார் அங்கேயும் வந்து சாட்சி சொன்னார்.

இன்று பல நூல்நிலையங்களில், புத்தகம் திரும்பி வந்ததும் அதற்கும் வாங்கியவர் பெயருக்கும் உள்ள தொடர்பைக் கணினியிலிருந்து அழித்துவிடுவது வழக்கம். எல்லா இடத்திலும் அப்படியில்லை. உங்கள் பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேரும் நாளில், உறுப்பினர் அட்டை வாங்கும் மேசையிலேயே, "என் இரவல் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதற்கு எந்த விதியும் தடையில்லை.