ஊருக்குப் போனவர்களும் ஊரிலிருந்து வந்தவர்களும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே மதுரைத் தெருக்களில் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். பாஸ்போர்ட் படம், கீழே 600-க்கு இத்தனை என்று ஓர் எண். அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பயந்து நிற்கும் பெரியவரிடம் எப்படிப் பேசுவது, பழக்கமில்லாத ஊரில் யாரிடம் என்ன கேட்பது, செய்த தப்பை எப்படி ஒத்துக்கொள்வது ஆகியவை எதுவும் அந்த எண்ணுக்குள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் இவற்றைப் பத்து வாழ்க்கைத் திறன்களாக வகுத்தது. 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் பாடப்புத்தகத்துக்கு வெளியே உள்ள திறன்களைப் பற்றிப் பேசுகிறது. என்னென்ன திறன் வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை. அவை எப்படி ஒட்டும் என்பதில்தான் எனக்குக் கவலை. இதற்கு மதுரை வட்டாரத்திலேயே இரண்டு விடைகள் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. இரண்டையும் தொடங்கியதில் மருத்துவர்களுக்குப் பங்கு உண்டு.

ஒன்று காந்திகிராமம். டி.வி.எஸ். குடும்பத்து மகளான டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டியை ஒட்டித் தொடங்கியது. 1937-இல் காந்தி வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் வரட்டும் என்றது. அந்த எண்ணம் வேர்விட்ட இடம் இது. 1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் வந்தது, 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் சில நாள் ஒரு கிராமத்திலேயே தங்கிவருவது அங்கே படிப்பின் ஒரு பகுதி.

இன்னொன்று அரவிந்த் கண் மருத்துவமனை. பணி ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கண் அறுவை செய்யப் பழகியவர் அவர். அந்த மருத்துவமனையின் முதுகெலும்பு, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வரும் பெண்கள். சேர்க்கும்போது மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. குடும்பத்தாரோடும் பேசி, பெண்ணின் மனப்பாங்கைப் பார்த்து எடுக்கிறார்கள். இரண்டு வருடப் பயிற்சி.

அந்த இரண்டு வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியை உட்காரவைத்து, ‘E’ எழுத்தின் கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்ல வேண்டும். பாட்டிக்குக் காதும் மந்தமாக இருக்கலாம். கிராமத்துக் கண் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவரைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். ‘கண்ணைத் தோண்டிருவாங்களாமே’ என்று நடுங்குபவருக்கு அறுவையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லித் தேற்ற வேண்டும். மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார்செய்ய வேண்டும். நேற்று வரை வகுப்பில் வாய் திறக்காத பதினெட்டு வயதுப் பெண் இதைச் செய்கிறாள், நாளெல்லாம், திரும்பத் திரும்ப. பொறுமை என்ற பாடத்துக்கு அங்கே தனியாக ஒரு பீரியட் தேவைப்படாது. அவசரப்பட்டால் கண்ணாடியின் பவர் தப்பாகிவிடும். அது ஒருவருடைய பார்வை.

காந்திகிராம மாணவருக்கு இந்த நெருக்கடி இல்லை. அவர் ஊருக்குள் விருந்தாளி. ஆனால் இந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைக்கிறது: கேட்கும் சுதந்திரம். கண்மாயில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு ஏன் வரவில்லை? இந்தத் தெருவில் மட்டும் ஏன் குழாய் இல்லை? சாதி எந்தத் திண்ணை வரை வரும், எங்கே நிற்கும்? இப்படிக் கேட்கப் பழகுவதும் ஒரு திறன்தான். மருத்துவமனை ஒழுங்கில் அதற்கு இடம் குறைவு. அங்கே வரிசை நகர வேண்டும், சொன்னபடி செய்ய வேண்டும். நோயாளியின் நலனுக்கு அதுவே நல்லது. ஆக ஓரிடத்தில் கேள்வி பழகுகிறது, இன்னோரிடத்தில் கை பழகுகிறது.

குறை இரண்டிலும் உண்டு. சில நாள் தங்கல் எங்கே நடந்தாலும், கடைசியில் ஓர் அறிக்கையாகச் சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. போட்டோ, அட்டவணை, கையெழுத்து, அதற்கு மேல் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். பயிற்சி பெற்ற பெண்ணின் நிலை வேறு. கல்யாணம் என்று வந்ததும் வேலையை விட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆயிரம் பேரின் பயத்தைத் தணித்தவளிடம் போன இடத்தில் யாரும் அதை விசாரிக்கமாட்டார்கள். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. பட்டம் பெற்றவரின் சில நாள் அனுபவம் விண்ணப்பத்தில் ஒரு வரியாகவாவது ஏறும். இவளுடையதை எந்த வரியில் எழுதுவது?

பள்ளிகளுக்கு இந்த இரண்டிலிருந்தும் எதை எடுத்துச் சொல்வேன் என்றால், காந்திகிராமத்திலிருந்து பழக்கமில்லாத மனிதர்களிடம் போவதையும் அரவிந்திலிருந்து ஒரே வேலைக்குத் திரும்பத் திரும்ப வருவதையும் எடுப்பேன். மதுரையில் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவர் வாரம் ஒருநாள் காலை, நம் பெரியாஸ்பத்திரியில், ராஜாஜி மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் நிற்கட்டும். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வந்து, போர்டைப் படிக்கத் தெரியாமல் திகைப்பவருக்கு வழிகாட்ட வேண்டும், அவ்வளவே. முதல் வாரம் அவருக்கே வழி தெரியாது. ஆறாவது வாரம், சீட்டை நீட்டுவதற்கு முன்பே அந்த அம்மா காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டுவிடுவார்.