வாசலுக்கு வந்த வசனம்: அனுதின தியான எழுத்தின் முந்நூறு ஆண்டுகள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் திருநெல்வேலிச் சீமைத் தேவாலயங்களில் ஒரு தட்டு வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பாட்டி, எடுத்த அட்டையைப் பேரனிடம் நீட்டி, “ஏலே, எனக்கு என்ன வந்திருக்குன்னு வாசி” என்பார். வாசித்து முடித்ததும் அந்த அட்டை வேதாகமத்துக்குள் போகும், அல்லது அடுக்களைச் சுவரில் காலண்டர் ஆணியில் செருகப்படும். ஆண்டு முழுவதும் மகளின் பிரசவத்துக்கும், பேரனின் தேர்வுக்கும், மழை பொய்த்த மாதத்துக்கும் அந்த ஒரு வசனத்தைத்தான் பாட்டி நினைத்துக்கொள்வார்.

இந்த அட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கிய வரலாறுகள் கேட்டதில்லை. தேம்பாவணிக்கும் 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்துக்கும் அவை பக்கம் பக்கமாக இடம் தருகின்றன; தர வேண்டியதுதான். ஆனால் அதிகாலையில் அடுப்பு மூட்டும் முன் வாசிக்கப்பட்ட ஒற்றைப் பக்கத்தை அவை இலக்கியமாக எண்ணவில்லை. விசுவாசத்தையும் அன்றாடப் பிழைப்பையும் ஒரே மூச்சில் பேசும் இந்தச் சின்ன எழுத்து, பிரசங்க பீடத்தைவிட வீட்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நோய்ப் படுக்கைக்கும்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறது. இதைச் செய்தவர்கள் பலர் தங்கள் பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை. அவர்களைத் தேடிப் போவதே இக்கட்டுரை.

முதலில் ஒரு சமையல்காரர். பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று அழைக்கப்பட்ட நிக்கோலாஸ் ஹெர்மன், இளமையில் முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்தவர். குருப்பட்டம் பெறாத மடத்துச் சகோதரர். பல ஆண்டுகள் சமையலறையிலும், பிறகு செருப்புத் தைக்கும் இடத்திலும் வேலை செய்தார். ஜெபவேளைக்கும் வேலைநேரத்துக்கும் தமக்குள் வேறுபாடு இல்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். 1691இல் அவர் இறந்தார். மறு ஆண்டு, அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் ஜோசப் டி போஃபோர் என்ற குரு அச்சிட்டார். பாத்திரங்களுக்கு நடுவே பிறந்த சிந்தனையை வேறொருவர் கை நூலாக்கியது. இந்த உறவு பின்னால் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

அடுத்த களம் ஜெர்மனி. ‘பயட்டிசம்’ எனப்படும் பக்தி விழிப்பு, கோட்பாட்டுச் சர்ச்சைகளில் சலித்துப்போன லூத்தரன் சபையை வீட்டு ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் இழுத்து வந்த காலம் அது. ஹாலே நகர் அதன் தலைமையிடம். 1718இல் போகாட்ஸ்கி என்பவர் ‘தேவ பிள்ளைகளின் பொற்கருவூலப் பெட்டி’ என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நாளுக்கு ஒரு வசனம், அதன்மேல் சில வரித் தியானம் என்று வகுத்த நூல். ‘பெட்டி’ என்ற சொல் கவனிக்கத் தக்கது. நம் வீடுகளில் வாக்குத்தத்தப் பெட்டி என்று வழங்குவதன் மூதாதையரில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்த வழக்கத்துக்கு உயிர் கொடுத்தது ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர். மொரேவியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த அகதிகள், சாக்சனியில் ஸின்ஸெண்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722இல் முதல் மரத்தை வெட்டிக் குடியேறினார்கள். தச்சர்கள், நெசவாளர்கள், கத்தி செய்வோர். 1728 மே 3 அன்று மாலைப் பாடல் கூட்டத்தில் ஸின்ஸெண்டார்ஃப் மறுநாளுக்கென்று ஒரு வாசகம் கொடுத்தார். அதுமுதல் நாள்தோறும் காலையில் சபையார் ஒருவர் ஊரின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் அன்றைய வசனத்தைச் சுமந்து போனார். வெறும் அறிவிப்பாக அது முடிந்துவிடவில்லை. உள்ளே யார் காய்ச்சலில் கிடக்கிறார், யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்று விசாரிப்பதும் வந்தவரின் கடமை. வசனம் வாசலில் நிற்க, வீட்டின் நிலைமை அதற்குப் பதிலாக வந்து நின்றது. அனுதின தியானம் என்ற எழுத்து வகையின் இலக்கணம் முழுவதும் இந்த வாசற்படிக் காட்சியில் இருக்கிறது என்பது என் கருத்து: ஒரு வேத வாக்கு, ஒரு வீட்டுச் செய்தி, இரண்டும் சந்திக்கும் சில நிமிடம்.

1731ஆம் ஆண்டுக்கான வசனங்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டன. அன்றுமுதல் இன்றுவரை ஓர் ஆண்டும் தவறாமல் அந்தத் தொகுப்பு வெளிவருகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வாசிக்கப்படுகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். புதிய ஏற்பாட்டு வசனத்தை அதற்கு இசைவாக ஒருவர் சிந்தித்துத் தேர்வு செய்வார். ஏறத்தாழ 1,800 வசனங்களிலிருந்து, மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, ஹெர்ன்ஹூட்டில் இந்தச் சீட்டு எடுக்கப்படுகிறது. ஆண்டின் கடைசி இரவில் விழித்திருந்து ஜெபிக்கும் வழக்கமும் 1733இல் அதே ஊரில் தொடங்கி, வெஸ்லி வழியாக மெதடிஸ்டுகளிடம் போய், மிஷனெரிகளோடு உலகெங்கும் பரவியது. நம் பாட்டி நள்ளிரவில் எடுத்த அட்டையில் இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்று சேர்ந்திருக்கின்றன.

தமிழகத்துக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஸின்ஸெண்டார்ஃப் 1710 முதல் 1716 வரை ஹாலேயில் பயட்டிசத் தலைவர் ஃபிராங்கேயின் பள்ளியில் படித்தவர். ஃபிராங்கேயின் உணவு மேசையில்தான் சிறுவனான அவர் தரங்கம்பாடி மிஷனெரிகளைச் சந்தித்தார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, 1714இல் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை உடன் அழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்றிருந்தார். அந்த மிஷனெரிகளின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஹாலே அச்சகம் 1710 முதல் தொடர்ந்து வெளியிட்டது. 1772க்குள் 108 பகுதிகள். சந்தையில் நடந்த பேச்சு, மழை, பஞ்சம், உபதேசியார் நடந்த வழி என்று சோழமண்டலக் கரையின் அன்றாடம் அவற்றில் பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியின் வீடுகளில் அவை பக்தி வாசிப்பாக வாசிக்கப்பட்டன. தெய்வச் செயலைத் தேதியிட்ட சிறு சம்பவத்தில் தேடும் பழக்கத்துக்கு நம் கரையும் தீனி போட்டிருக்கிறது.

1760இல் மொரேவிய சகோதரர்களே தரங்கம்பாடிக்கு வந்தார்கள். நிக்கோபார் தீவுகளுக்குப் போவது அவர்கள் நோக்கம். தரங்கம்பாடியை ஒட்டி ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்து, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். ஹாலே மிஷனெரிகள் அவர்களை வரவேற்கவில்லை. காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. 1803இல் குடியிருப்பு கைவிடப்பட்டது.

மொரேவியர் விட்டுச் சென்ற இன்னொரு வழக்கம் ஆய்வாளர்களுக்குப் புதையல். சபையார் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைக்க வேண்டும். அடக்க ஆராதனையில் அது வாசிக்கப்படும். இறந்தவர் தம் குரலில் சபையோடு பேசிவிட்டுப் போவார். நெசவுக்காரி, தச்சர், விதவை, அடிமைத்தளையில் இருந்தவர் என்று வேறெந்தச் சரித்திரத்திலும் இடம்பெற வாய்ப்பில்லாதவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான தாள்கள் ஹெர்ன்ஹூட்டிலும் அமெரிக்காவின் பெத்லகேமிலும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. கேத்தரின் ஃபால் 1997இல் பெண்கள் எழுதியவற்றைத் தனியே தொகுத்து மொழிபெயர்த்த பிறகுதான் அவற்றின் அருமை பரவலாகத் தெரிந்தது. சபை அவற்றைச் சேமித்து வைத்ததால் அல்லவா அது முடிந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து இந்த வடிவத்தைப் பெரும் நூற்சந்தையாக்கியது. ஸ்பர்ஜன் 1865இல் காலைக்கும், 1868இல் மாலைக்கும் தியான நூல்கள் வெளியிட்டார். அவை இன்றும் விற்கின்றன. எனினும் அவை பெரும் பிரசங்கியாரின் குரல். வீட்டுக் குரலைக் கேட்க இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும்.

கெர்ட்ரூட் ஹாப்ஸ் லண்டனை அடுத்த வுல்விச்சில் பிறந்தவர். மார்புச்சளி நோயால் பள்ளிப் படிப்பு தடைப்பட, வீட்டிலிருந்தே சுருக்கெழுத்துக் கற்றார். நிமிடத்துக்கு 250 சொற்கள் எழுதுமளவு தேறினார். 1910இல் ஆஸ்வால்ட் சேம்பர்ஸை மணந்தார். கணவர் ‘பிடி’ என்று செல்லப்பெயர் வைத்தார். கிளாப்பமில் கணவர் நடத்திய வேதாகமக் கல்லூரியில் அவர் பேசப் பேச இவர் பின்வரிசையில் உட்கார்ந்து எழுதினார். உலகப் போரின்போது எகிப்தில், கெய்ரோவை ஒட்டிய ஜெய்த்தூன் முகாமில், கணவர் சிப்பாய்களுக்குப் பேசியதையும் எழுதினார். 1917 நவம்பர் 15 அன்று, குடல்வால் அழற்சியின் விளைவாக, 43 வயதில் கணவர் இறந்தார். கையில் நான்கு வயது மகள். பெட்டி நிறையச் சுருக்கெழுத்து நோட்டுகள்.

பிறகு பிடி ஆக்ஸ்போர்டில் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுச் சமைத்துப் போட்டார். பகலில் வீட்டு வேலை. அது ஓய்ந்த பிறகு தட்டச்சுப் பொறிமுன் உட்கார்ந்து கோடுகளையும் வளைவுகளையும் மீண்டும் சொற்களாக்கினார். ஒரு நாள் பக்கத்துக்கு மூன்று வெவ்வேறு சொற்பொழிவுகளிலிருந்து வரிகளை எடுத்துப் பொருத்த வேண்டியிருந்தது. அப்படி 366 பக்கங்கள். 1927இல் ‘மை அட்மோஸ்ட் ஃபார் ஹிஸ் ஹையஸ்ட்’ வெளிவந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இன்று வாசிக்கப்படும் அந்நூலின் அட்டையில் கணவர் பெயர் மட்டுமே இருந்தது. முன்னுரையின் அடியில் இரண்டு எழுத்துகள், பிடி சேம்பர்ஸ் என்ற பெயரின் முதலெழுத்துகள். பேச்சை எழுதியவரை எழுத்தாளர் என்று சொல்வோமா என்று சிலர் கேட்கலாம். எதை எடுப்பது, எதை விடுவது, எந்த நாளில் எதை வைப்பது என்று தீர்மானித்தவர் அவர். நாள் தியானம் என்ற வடிவத்தில் அந்தத் தீர்மானமே பாதி எழுத்து. அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்திருக்க வேண்டும் என்பதே என் முடிவு.

அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய ஆண்டுகளில், டெக்சாசின் சான் அன்டோனியோ நகரில் டிராவிஸ் பார்க் மெதடிஸ்ட் சபைப் பெண்கள், குடும்ப ஜெபத்துக்கு உதவும் சிறு பிரசுரம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வேண்டுகோளிலிருந்து பிறந்தது ‘தி அப்பர் ரூம்’. 1935இல் முதல் இதழ் ஒரு லட்சம் பிரதி அச்சானது. காலப்போக்கில் வாசகர்களே அதன் எழுத்தாளர்கள் ஆனார்கள். ஒரு வசனம், தன் வாழ்வில் நடந்த ஒரு சம்பவம், ஒரு ஜெபம், ஒரு சிந்தனை என்ற அளவான சட்டத்துக்குள் செவிலியரும் ஆசிரியரும் பணி ஓய்வு பெற்றவரும் எழுதினார்கள். ஹெர்ன்ஹூட் வாசற்படியில் வீட்டார் சொன்ன பதில் இங்கே அச்சேறியது. 1956 ஏப்ரலில் கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து ‘அவர் டெய்லி பிரெட்’ வரத் தொடங்கியதும், சம்பவம் சொல்லித் தியானிக்கும் இந்த நடை உலகெங்கும் பரவிவிட்டது.

சீட்டில் வரும் வசனத்தைக் குறி கேட்பதுபோல் பயன்படுத்தும் ஆபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1939 ஜூன் மாதம் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்த ஜெர்மன் இறையியலாளர் பாண்ஹோஃபர், ஜெர்மனிக்குத் திரும்புவதா என்று தவித்தபோது, நாளுக்குரிய வசனங்களைத் தம் நாட்குறிப்பில் குறித்துவந்தார். குளிர்காலத்துக்குமுன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் இடம் அவரை உலுக்கியது. அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகாது என்று எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு அந்த வசனம் செல்வத்துக்கோ சுகத்துக்கோ உத்தரவாதம் தரவில்லை. ஆபத்துக்குள் நடக்கத் துணிவு தந்தது. ஆசீர்வாதம் மட்டுமே அச்சிடும் இன்றைய வாக்குத்தத்த அட்டைகளைத் தயாரிப்போர் இதை நினைக்க வேண்டும்.

மறுபடி நம் மண்ணுக்கு வருவோம். களக்காட்டுக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் டோனாவூர். டோனா என்ற பிரஷ்யப் பிரபு கொடுத்த நன்கொடையால் ஊருக்கு வந்த பெயர் அது. 1901 முதல் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அங்கே, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளை வளர்க்கத் தொடங்கினார். பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்கள் இல்லாமல் அந்த வீடு நின்றிருக்காது. 1931 அக்டோபர் 24 மாலை களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் புதிதாகத் தோண்டிய குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான். அந்த அறையிலிருந்து டோனாவூர்க் குடும்பத்தாருக்குச் சிறு சிறு குறிப்புகள் போய்க்கொண்டே இருந்தன. நோயில் கிடப்போருக்கென நோயில் கிடந்தவர் எழுதிய கடிதங்கள் 1933இல் நூலாயின. வலியைப் பூசி மெழுகாத எழுத்து அது. அன்றாடக் குறிப்புகள் அவர் இறந்த பிறகு, 1955இல், ‘எட்ஜஸ் ஆஃப் ஹிஸ் வேஸ்’ என்ற நாள்வாரித் தொகுப்பாக வந்தன. மறுபடி வேறொருவர் கை. மறுபடி ஒரு வீட்டுக்குள் எழுதியது வெளியே வந்தது. அவர் கல்லறையில் கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் இருக்கிறது.

ஏமி எழுதியது ஆங்கிலத்தில். அதே அறைக்குள் தமிழில் ஜெபித்த பெண்கள் எழுதியவை எங்கே? இந்த ஆய்வில் எனக்குப் பெரும் பள்ளமாகத் தெரிவது இதுதான். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் எழுத்து இல்லாமல் இல்லை. பிரசங்கக் குறிப்பெடுத்த நாற்பது பக்க நோட்டு, வேதாகம ஓரத்தில் பென்சிலில் குறித்த தேதி, பிள்ளை பிறந்த அன்று வாசித்த சங்கீதத்தின் எண், வாக்குத்தத்த அட்டையின் பின்புறம் எழுதிய இரண்டு வரி, இவையெல்லாம் ஹெர்ன்ஹூட் காப்பகத்தில் உள்ள தாள்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. வீடு மாற்றும்போதும் பாட்டி இறந்த பிறகும் அவை பழைய காகிதக்காரரிடம் போய்விடுகின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு நோட்டு இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். வீட்டில் வைத்துக் காக்க முடியாதென்றால் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியையோ பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்தையோ கேட்டுப் பாருங்கள். பிடி சேம்பர்ஸின் நோட்டுகள் ஜெய்த்தூன் முகாமிலேயே தொலைந்திருந்தால் அந்த நூல் நமக்குக் கிடைத்திருக்காது.