கருமணலில் கண்ணாமூச்சி

1956ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதை ஓர் ஆவணப்படம் தட்டிச் சென்றது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் இளம் இயக்குநர் லூயி மாலும் சேர்ந்து எடுத்த 'மௌன உலகம்' அது. கடலடியின் வண்ணங்களைப் பார்த்துப் பார்வையாளர்கள் வாய்பிளந்தார்கள். இன்று அதே படத்தைப் பார்ப்பவர்களும் வாய்பிளப்பார்கள், காரணம்தான் வேறு. ஒரு பவளப்பாறையில் என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க அங்கே டைனமைட் வைத்து வெடிக்கிறார்கள். செத்த மீன்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்குகிறார்கள். கப்பலில் அடிபட்ட திமிங்கலக் குட்டியை மொய்த்த சுறாக்களைத் தளத்துக்கு இழுத்துப் போட்டுக் கோடரியால் வெட்டுகிறார்கள். படக்குழுவுக்கு இதில் எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

கூஸ்தோவும் பொறியாளர் எமில் கானியானும் 1943இல் உருவாக்கிய 'அக்வாலங்' கருவியிலிருந்துதான் ஸ்கூபா விடுமுறை என்ற பழக்கமே பிறந்தது. அதற்கு முன் கடலடியில் நடமாட வேண்டுமென்றால் பெரும்பாலும் செம்புத் தலைக்கவசமும் மேலிருந்து காற்றிறைக்க ஆளும் வேண்டும். இல்லையேல் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களைப் போல மூச்சை அடக்கியாக வேண்டும். காற்றுருளையை முதுகில் மாட்டிக்கொண்டு யாரும் இறங்கலாம் என்றானதும் இறங்கியவர்களில் பலர் கையில் ஈட்டித் துப்பாக்கி இருந்தது. 1960களிலும் 70களிலும் அந்த இடத்துக்குக் கேமரா வந்தது. ஆனால் தேடியது அதே பெரிய உருப்படிகளைத்தான்: சுறா, ஆனைத்திருக்கை, செங்குத்தாக இறங்கும் பவளச் சுவர். மணலும் சேறுமான அடித்தளத்தின் மேலே அவர்கள் வேகமாக நீந்திக் கடந்து போனார்கள்.

இந்த ரசனை மாறியதற்கு ஒரு தற்செயலும் காரணம். 1969இல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் ஜார்ஜ் பார்ஜிபான் என்ற ஆய்வாளர், கடலிலிருந்து எடுத்து வந்த விசிறிப் பவளம் ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அதன் கிளையில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால், கடற்குதிரை. உடம்பெங்கும் புடைத்திருந்த மொட்டுகள் பவளத்தின் மொட்டுகளைப் போலவே இருந்தன, நிறம் உட்பட. கடலுக்குள் வைத்துப் பார்த்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்காது. மறு ஆண்டே சிட்னியின் மீனியல் அறிஞர் கில்பர்ட் விட்லி அதற்கு 'ஹிப்போகாம்பஸ் பார்ஜிபாண்டி' என்று பெயர் வைத்தார். பிறகு நெடுங்காலம் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. அது வாழ்வது பெரும்பாலும் 16 மீட்டருக்குக் கீழே; எந்தப் பவளத்தில் தேட வேண்டும் என்று தெரியாதவருக்குக் கடல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

இப்படிப்பட்ட சின்ன உயிர்களைச் சேற்றில் தேடலாம் என்ற யோசனை பாப்புவா நியூ கினியாவில் வேரூன்றியது. ஆசிரியர் வேலைக்காக அங்கே போன பாப் ஹால்ஸ்டெட், மனைவி டைனாவுடன் டைவிங் தொழிலில் இறங்கினார். 1986இல் 'டெலிடா' என்ற படகைக் கட்டி, விருந்தினர்களை அதிலேயே தங்க வைத்துக் கடலைச் சுற்றிக் காட்டினார்கள். மில்ன் விரிகுடாப் பகுதியில் கரையோரம் நங்கூரமிட்ட இடங்களில் படகுக்குக் கீழே பவளம் கிடையாது. வண்டலும் மட்கிய இலையும்தான். அதில் இறங்கிப் பார்த்தவர்கள் வேறெங்கும் காணாத உருப்படிகளைக் கண்டார்கள். அப்படிப்பட்ட ஒரு கரைக்கு 'டைனா கடற்கரை' என்றே பெயராகிவிட்டது. இந்த வகை முக்குளிப்புக்கு 'மக் டைவிங்' (சேற்று முக்குளிப்பு) என்ற பெயரைப் பரப்பியதும் ஹால்ஸ்டெட்தான்.

பெயர் பிறந்தது அங்கே என்றாலும் புகழ் குவிந்தது இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில். சுலவேசித் தீவின் வடகோடிக்கும் லெம்பே தீவுக்கும் நடுவே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய நீர்வழி அது. கரையில் பிட்டுங் துறைமுகமும் சூரை மீன் ஆலைகளும். பின்னால் எரிமலைகள் நிற்பதால் அடியில் கன்னங்கரிய மணல். கப்பல்கள் நின்று போகும் இடமாதலால் அந்த மணலில் பாட்டிலும் டப்பாவும் செருப்பும் கிடக்கும். 1980களில் அந்தப் பக்கம் வந்த வெளிநாட்டாரில் பெரும்பாலோர் மானாடோ நகருக்கு எதிரே இருக்கும் புனாக்கன் தீவின் பவளச் சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள். 1994இல் நீரிணைக் கரையில் குங்குங்கான் விரிகுடா ரிசார்ட் திறந்த பிறகுதான் கருமணலைப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறி வரும் கூட்டம் உருவானது.

அதே நேரத்தில் அதே நீரிணையின் வடக்கு வாயிலில் வேறொரு வேட்டையும் நடந்தது. 1996-97இல் அங்கே விரித்த ராட்சத வலைகளில் ஓராண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆனைத்திருக்கைகளும் கூடவே திமிங்கலச் சுறாக்களும் ஓங்கில்களும் மாட்டின. பெரியவற்றை ஒரு வாயிலில் வாரிக்கொண்டிருந்த கடலில் இன்னொரு பக்கம் விரல்நுனி அளவு உயிர்களைத் தேடிக் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கருமணலில் அப்படி என்னதான் இருக்கிறது? 1998இல் சுலவேசிக் கரையோரச் சேற்றில் கண்டறிந்த ஒரு சாக்குக்கணவாய்க்கு வேஷம் போடுவதே தொழில். எட்டுக் கைகளையும் பின்னால் ஒட்டவைத்துத் தட்டையாக நீந்தினால் நாக்குமீன். கைகளை விரித்தால் விஷமுள் சிங்கமீன். ஆறு கைகளைக் குழிக்குள் ஒளித்து இரண்டை எதிரெதிரே நீட்டினால் வரிவரியான கடற்பாம்பு. 2001இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. முறையான அறிவியல் பெயர் கிடைத்தது 2005இல். இன்னொன்று தேங்காய்ச் சிரட்டைக்காரன். மணலில் புதைந்த அரைச் சிரட்டையைத் தோண்டி எடுத்து, நீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கழுவி, இரண்டு கிடைத்தால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு கைகளை விறைப்பாக ஊன்றி நடக்கும். ஆபத்து வந்தால் ஒரு சிரட்டையில் உட்கார்ந்து மற்றதை மூடியாகக் கவிழ்த்துக்கொள்ளும். முதுகெலும்பில்லாத ஓர் உயிர் பிற்பாடு தேவைப்படும் என்று கருவியைச் சுமந்து திரிவதாக 2009இல் ஆய்வாளர்கள் எழுதியபோது உலகச் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அவர்கள் பார்த்த இடங்கள் வடக்கு சுலவேசியும் பாலியும்.

கேமராவின் பங்கைச் சொல்லாமல் விடக்கூடாது. 1963இல் வந்த நிக்கோனோஸ் நீரடிக் கேமராவில் ஒரு சுருளுக்கு 36 படம். தீர்ந்தால் மேலே வந்துதான் மாற்ற வேண்டும். சிறிய உயிர்களை எடுக்க லென்ஸுக்கு முன்னால் கம்பிச் சட்டம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். உயிர் அந்தச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும். மூக்குக்கு நேரே கம்பி வந்தால் எந்த மீன் நிற்கும்? டிஜிட்டல் கேமரா வந்ததும் சட்டமும் போனது, 36 என்ற கணக்கும் போனது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் இரு நாடுகளிலும் மக் டைவிங்கால் ஆண்டுக்கு 15 கோடி டாலருக்கு மேல் புழங்குவதாகப் பின்னாளில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாக் நீரிணையில் கடற்குதிரைகளைக் காயவைத்து ஏற்றுமதி செய்த வணிகத்தை நிறுத்த இந்தியா 2001இல் அவற்றைப் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் சேர்த்ததை நினைத்தால், உயிரோடிருக்கும் கடற்குதிரை சம்பாதித்துத் தரும் தொகை யோசிக்க வைக்கிறது.

அந்தத் தொகைக்கு மூலதனம் உள்ளூர் வழிகாட்டியின் கண். இந்த இடத்தில்தான் டைவிங் வரலாறு வழக்கமாகத் தடுமாறுகிறது. படம் எடுத்தவர் பெயர் அச்சாகும், காட்டிக்கொடுத்தவர் பெயர் அச்சாகாது. 2008இல் ஒரு விதிவிலக்கு நடந்தது. பவளத்தில் ஒட்டாமல் பாசிகளுக்கிடையே திரியும் குட்டிக் கடற்குதிரை ஒன்றுக்கு 'ஹிப்போகாம்பஸ் பொன்டோஹி' என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் பெயரிட்டார்கள். அதை முதலில் கவனித்துச் சொன்ன புனாக்கன் வழிகாட்டி ஹென்ஸ் பொன்டோவின் பெயர் அது. அதே கட்டுரையில் ஜப்பானிய வழிகாட்டி சதோமி ஒனிஷியின் பெயரையும் இன்னொரு குட்டிக் கடற்குதிரை இனம் ஏற்றது. 2020இல் தென்னாப்பிரிக்காவின் சொட்வானா விரிகுடாவில், தென்கிழக்கு ஆசிய உறவினர்களிடமிருந்து 8,000 கிலோமீட்டருக்கும் அப்பால், புதிய இனம் ஒன்று பதிவானது. அதையும் முதலில் பார்த்தது ஒரு டைவிங் பயிற்சியாளர்தான்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பது வேறு கதை. கேமரா மின்னல் கடற்குதிரையின் கண்ணைக் குருடாக்கும் என்று பல ஆண்டுகளாக முக்குளிப்பவர்கள் சண்டை போட்டார்கள். 2019இல் வெளியான ஆய்வு, மின்னலால் தனியாகப் பெரிய பாதிப்பு தெரியவில்லை, தொட்டு நகர்த்துவதுதான் அவற்றை அதிகம் கலங்கடிக்கிறது என்றது. கையுறைக்குத் தடை போட்டிருக்கும் நிலையங்கள் பல உண்டு. வழிகாட்டியின் கையிலுள்ள உலோகக் குச்சிதான் சிக்கல். லேசாக ஒரு தட்டு தட்டினால் குதிரை கேமரா பக்கம் திரும்பும். முகம் தெரிந்தால் படம் நன்றாக வரும். படம் நன்றாக வந்தால் டிப்ஸும் கூடும்.