பத்துப் பவுண் பயணிகளும் தாயக ஏக்கமும்

1688 ஆம் ஆண்டில் யொகான்னஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர் பாசல் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வுரையொன்றில், பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்ந்த சுவிற்சர்லாந்து மக்களைப் பீடித்த ஒரு துயரத்திற்கு 'நொஸ்டால்ஜியா' எனப் புதுப்பெயர் சூட்டினார். அதனை அவர் ஒரு நோயாகவே கொண்டார். ஊர் திரும்புதலே அதற்குத் தக்க மருந்தெனவும் கருதினார். மருத்துவ நூல்களிலிருந்து அந்நோய் காலப்போக்கில் மறைந்துவிட்டது. மக்கள் உள்ளத்திலிருந்து அது மறையவில்லை என்பதற்கு, இரண்டாம் உலகப்போரின் பின் பிரித்தானியாவிலிருந்து அவுஸ்திரேலியாவிற்குச் சென்று குடியேறிய பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் வரலாறு சான்றாகும். அவர்கள் அறியாத மொழி பேசும் நாட்டிற்குச் சென்றவரல்லர். மொழியும் முடியும் ஒன்று. சட்டமும் சமயமும் ஒன்று. கிரிக்கெட் ஆட்டமுங்கூட ஒன்றே. அவ்வாறிருந்தும் அவர்களுள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் திரும்பிச் சென்றனர். இஃது ஏன் நிகழ்ந்தது என்பது ஆராயத்தக்கது.

போர்க்காலத்தில் 1942 ஆம் ஆண்டு டார்வின் நகர்மீது யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தமை அவுஸ்திரேலியரின் நெஞ்சில் ஆறாத அச்சத்தை விளைத்தது. ஒரு கண்டம் முழுவதையும் ஏறத்தாழ எழுபது இலட்சம் மக்களாற் காத்தல் இயலாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1945 இல் அந்நாட்டின் முதலாவது குடிவரவு அமைச்சராக நியமிக்கப்பெற்ற ஆதர் கோல்வெல், ஆண்டுதோறும் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிற்கு வெளியிலிருந்து மக்களைக் கொணர முற்பட்டார். வேற்றுநாட்டவர் ஒருவருக்குப் பிரித்தானியர் பதின்மர் என்னும் விகிதத்தை அவர் 1946 இல் தமது நம்பிக்கையாக வெளியிட்டார். அவ்விகிதம் ஒருபோதும் எட்டப்படவில்லை என்பது வேறு செய்தி. பிரித்தானியாவிலோ வீடுகள் குண்டுகளால் இடிந்து கிடந்தன. உணவுப் பங்கீடு 1954 யூலை வரை நீடித்தது. நூறு பவுணுக்கு மேற்பட்ட கப்பற் கட்டணத்தில் வளர்ந்தோர் பத்துப் பவுண் மாத்திரம் செலுத்தினாற் போதும், எஞ்சியதை அரசுகள் ஏற்கும் என்னும் திட்டம் 1947 இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுமந்துகொண்டு 'ஓர்மண்டு' என்னும் கப்பல் டில்பரித் துறையினின்றும் புறப்பட்டது. 'பத்துப் பவுண் பொம்' என்னும் பெயர் இவர்களுக்கு இவ்வாறே ஏற்பட்டது. 'பொம்' என்பது ஆங்கிலேயரைக் குறிக்க அவுஸ்திரேலியர் வழங்கும் சொல். அதில் நட்பும் உண்டு, நையாண்டியும் உண்டு.

தாயக ஏக்கம் இவர்களோடு அக்கண்டத்திற்கு முதன்முதலாக வந்ததன்று. 1788 இல் பதினொரு கப்பல்களில் வந்திறங்கிய கைதிகளும் காவலரும் அதனைக் கொணர்ந்தனர். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியேறிகள் தம் ஏக்கத்தைத் தீர்க்கக் கையாண்ட வழி விசித்திரமானது. தாம் திரும்ப இயலாத நாட்டைத் தாம் வாழும் நாட்டிற்கே கொண்டுவர முயன்றனர். இங்கிலாந்தின் வானம்பாடியும் கரும்பறவையும் சிட்டுக்குருவியும் கூண்டுகளிற் கடல்கடந்து வந்தன. 1861 இல் விக்டோரியா மாநிலத்தில் இத்தகைய உயிரினங்களைக் கொணர்ந்து பழக்குவதற்கெனவே ஒரு சங்கம் நிறுவப்பெற்றது. 1859 இல் தோமஸ் ஒஸ்டின் என்னும் செல்வர், வேட்டையாடி மகிழும் பொருட்டு இங்கிலாந்திலிருந்து தருவித்த இருபத்து நான்கு முயல்களைத் தமது பண்ணையில் வளர்த்துப் பரப்பினார். அவற்றின் வழித்தோன்றல்கள் அரை நூற்றாண்டுக்குள் கண்டத்தின் பெரும்பகுதியையும் மேய்ந்தழித்தன. மேற்கு அவுஸ்திரேலியாவில் அவற்றைத் தடுப்பதற்கென அமைக்கப்பெற்று 1907 இல் முடிவுற்ற வேலி 1800 கிலோமீற்றருக்கும் அதிக நீளமுடையது. அதனையும் முயல்கள் கடந்தன. அந்நிலத்திற்கு உரியவரான பழங்குடி மக்கள் தம் மண்ணிலேயே ஏதிலிகளாயினர் என்பதையும் இங்கு மறத்தலாகாது. வந்தவரின் ஏக்கம் இருந்தவரின் நிலத்தை விழுங்கிற்று.

1947 இன் பின் வந்தோர் நிலத்தை மாற்றும் ஆற்றல் படைத்தவரல்லர். அவர்கள் தச்சரும் கொத்தரும் ஆலைத்தொழிலாளரும் தாதியருமே. அவர்கள் ஏறிய கப்பல்களுட் பல சூயஸ் கால்வாய் வழியாக ஏடனுக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் வந்து, பின்னர் இந்து சமுத்திரத்தைக் கடந்து மேற்கு அவுஸ்திரேலியாவின் ஃபிறிமாண்டில் துறையை அடைந்தன. பலருக்குக் கொழும்பே கடல்வழியிற் கண்ட கடைசி வேற்று நகரம். அங்கே ஒருநாட் பொழுது கரையிறங்கி உலாவியவர்கள், தாம் செல்லும் நாட்டின் வாயில் அந்நகரத்து மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அடைக்கப்பட்டிருந்தது என்பதை எண்ணியிருப்பரோ என்பது ஐயம். ஐரோப்பிய வழித்தோன்றல் என மெய்ப்பிக்க இயன்ற பறங்கியர் சிலருக்கே இலங்கையிலிருந்து அக்காலத்தில் இடங்கிடைத்தது. 'வெள்ளை அவுஸ்திரேலியா' என்னும் அக்கொள்கை 1966 இல் தளர்ந்து 1973 இல் முற்றாகக் கைவிடப்பட்டது. ஆகவே பத்துப் பவுண் பயணச்சீட்டு ஒரு சலுகைச்சீட்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் சலுகை பெற்றோர் துயருறார் என முடிவுகட்டுதல் வரலாற்று நோக்காகாது.

கரையிறங்கியோரிற் பலருக்கு முதலிற் கிடைத்த உறைவிடம் அரசாங்க விடுதி. போர்க்காலத்தில் எழுந்த, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற் போன்ற தகரக் கொட்டில்கள் அவை. கோடையில் அவை அடுப்பெனக் கொதித்தன. மெல்லிய தடுப்புச் சுவருக்கு அப்பால் அயற்குடும்பத்தின் இருமலும் பூசலும் இப்பாற் கேட்டன. சமையல் பொது, உணவுக்கூடம் பொது, குளியலறையும் பொது. கணவன் சின்னாட்களில் தொழில் தேடிக்கொண்டு பகலெல்லாம் வெளியே சென்றான். தொழிலிடத்தில் தோழரையும் பெற்றான். மனைவியோ தன் கையால் ஒரு கோப்பைத் தேநீரும் விரும்பியவாறு காய்ச்ச இயலாத அறையிற் குழந்தைகளோடு எஞ்சியிருந்தாள். தன் தாயையும் தமக்கையரையும் ஒரே தெருவிற் கொண்டு வாழ்ந்த இலங்கஷயர் ஆலைநகர்ப் பெண்ணொருத்திக்கு இதனினுங் கொடிய தனிமை பிறிதில்லை. ஏக்கத்தின் பாரம் பெண்களின் தோளிலேயே மிகுதியாக இறங்கிற்று என்பது அவர்தம் கடிதங்களாலும் நினைவுக் குறிப்புக்களாலும் புலனாகின்றது. 1952 இல் விடுதிக் கட்டணங்கள் உயர்த்தப்பட்டபோது பிரித்தானியக் குடியேறிகள் அதனைச் செலுத்த மறுத்துக் கிளர்ச்சி செய்தனர். அக்கிளர்ச்சி காசுக்காக மாத்திரம் எழுந்ததன்று. தாம் விருந்தினரென அழைக்கப்பெற்று ஏமாற்றப்பட்டதாக அவர்கள் எண்ணினர்.

மொழி ஒன்றாயிருந்தமை ஆறுதலளித்ததோ எனின், அதுவே சிலவேளை இடறிற்று. அயலார் கூடும் விருந்துக்கு 'ஒரு தட்டுக் கொண்டு வாருங்கள்' என அழைக்கப்பெற்ற புதுக்குடியேறிகள், பாவம், விருந்தளிப்பவரிடம் தட்டுக்கள் போதாவென எண்ணி வெறுந்தட்டையே ஏந்திச் சென்ற கதை அவர் நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருவது. பலகாரம் நிறைந்த தட்டென்பதே அந்நாட்டு வழக்கு. அன்னிய மொழியிற் பிழைபடுவோனை யாவரும் பொறுப்பர். தன்மொழியிலே பிழைபடுவோன் நகைப்புக்கே இடமாவான்.

இங்கேதான் வினாவின் முடிச்சு உளது. கிரேக்கரும் இத்தாலியரும் தம் ஊரை எண்ணி ஏங்குவர் என்பதை அவுஸ்திரேலியர் எதிர்பார்த்தனர். ஏளனம் செய்தாராயினும், அவர்கள் அயலார் என்பதை ஏற்றுக்கொண்டனர். அவர்க்குத் தம் மொழிப் பத்திரிகையும் கோயிலும் சங்கமும் இருந்தன. பிரித்தானியனோ அயலான் அல்லன். ஆதலால் அவன் ஏங்குதற்கு நியாயமில்லை எனக் கொள்ளப்பட்டது. அவன் வாய்திறந்து குறை சொல்லின் 'முணுமுணுக்கும் பொம்' என்னும் பட்டம் காத்திருந்தது. இதில் ஒரு முரண்பாடும் உண்டு. அவுஸ்திரேலியாவிற் பிறந்து அதனை விட்டு அகலாத முதியோரும் அக்காலத்தில் இங்கிலாந்தை 'வீடு' என்றே வழங்கினர். காணாதவர் வீடென்று பெருமையோடு சொல்லலாம். அங்கிருந்து வந்தவர் வீட்டை நினைந்து கண்கலங்குதல் நன்றிகேடு. அலிஸ்ரெயர் தொம்சன், யேம்ஸ் ஹமர்ட்டன் என்னும் வரலாற்றாசிரியர் இருவர் 2005 இல் வெளியிட்ட நூலில் இம்மக்களைக் 'கண்ணுக்குப் புலனாகாத குடியேறிகள்' எனக் குறித்தமை பொருத்தமானதே.

பருவங்களும் தலைகீழாயின. நத்தார் நாளில் வெயில் சுட்டெரிக்க, அடுப்பில் வாட்டிய இறைச்சியும் சூடான களியும் பிடிவாதமாகப் பரிமாறப்பட்டன. தொலைபேசி அழைப்பு எளியோர் கைக்கெட்டாதது. மெல்லிய நீலத்தாளில் எழுதிய வான்கடிதமே உறவின் இழை. தாயின் நோயை அறிவிக்கும் மடல் வந்துசேரும்போது அவள் அடக்கமும் முடிந்திருத்தல் கூடும். தமிழ் அகப்பொருள் இலக்கணம் கூறும் பொருள்வயிற் பிரிவிற்குக் கார்காலம் என்றொரு எல்லையுண்டு. இப்பிரிவிற்கு எல்லை குறித்தது கார்காலமன்று, அரசாங்கம். இரண்டாண்டுகள் தங்காது திரும்புவோர் அரசு தமக்காகச் செலுத்திய கட்டணத்தை மீளச் செலுத்துவதோடு, திரும்பும் பயணச் செலவையும் தாமே ஏற்றல் வேண்டும். ஆகவே பல குடும்பங்கள் நாட்காட்டியை நோக்கியவாறே காலங்கழித்தன. இரண்டாண்டு கழிந்தபின் புறப்பட்டோரிற் பலர் தொழில் கிட்டாமையாற் சென்றவரல்லர்; முதுமையுற்ற பெற்றோரும் உறவின் நெருக்கமுமே அவரை இழுத்தன. வியப்பு இனியே. திரும்பியோருள் ஏறக்குறைய அரைப்பங்கினர் மீண்டும் அவுஸ்திரேலியாவிற்கே வந்தனர். அவர்கள் நெஞ்சிற் பொதிந்து வைத்திருந்த தெரு அங்கே இருக்கவில்லை. பழைய குடில்கள் இடிக்கப்பட்டன, தோழர் மணமுடித்து அகன்றனர், மழை மாத்திரம் மாறாதிருந்தது. எறிந்தவனிடமே மீளும் பூமராங்கின் பெயரை இவர்களுக்கு இட்டு நகைத்தனர் அவுஸ்திரேலியர்.

குடியேறியோர் யாவரும் துயரிலே தோய்ந்தனர் எனக் கொள்ளின் அதுவும் பிழையாம். கிரிக்கெட் ஆர்வலர் நன்கறிந்த ஹரல்ட் லார்வூட்டின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1932-33 இல் உடலை நோக்கி வீசிய வேகப்பந்தினால் அவுஸ்திரேலியா முழுவதன் வெறுப்பையும் தேடிக்கொண்டவர் அவர். தலைவனின் ஆணையை நிறைவேற்றியவரைத் தாய்நாட்டுக் கிரிக்கெட் மேலோர் பின்னர் கைவிட்டனர். பிளாக்பூல் நகரில் இனிப்புக்கடை நடத்தி ஒதுங்கி வாழ்ந்தார். 1950 இல் மனைவியுடனும் புதல்வியர் ஐவருடனும் சிட்னி நகருக்குக் குடிபெயர்ந்தார். அவரை ஏற்றிச் சென்றது 1932 இல் இங்கிலாந்து அணியினரை ஏற்றிச் சென்ற அதே 'ஒரொன்ரெஸ்' கப்பல். முன்னைநாள் எதிரணி வீரர் யக் பிங்கிள்ரன் அவருக்குத் துணைநின்றார். அண்மையிற் பதவியிழந்த பிரதமர் பென் சிப்ளி, குடும்பம் தங்கிய விடுதிச் செலவிற் பாதியைப் பிறர் அறியாமற் செலுத்தினார். லார்வூட் 1995 இல் இறக்கும் வரை சிட்னியிலேயே வாழ்ந்தார். தாயகம் புறக்கணித்தவனைப் பகைவர் நாடு தழுவிக்கொள்ளுமாயின் ஏக்கத்திற்கு இடமேது?

தனிமனிதர்க்குக் கிடைத்த இத்தகைய கைகொடுப்பைச் சாதாரண குடும்பங்கள் தம்முள்ளேயே தேடிக்கொண்டன. தெற்கு அவுஸ்திரேலியாவில் அடிலெயிட் நகருக்கு வடக்கே 1955 நவம்பர் 16 ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற எலிசபெத் நகரின் குடிகளிற் பெரும்பகுதியினர் பிரித்தானியாவிலிருந்து வந்தோரே. மாநில வீடமைப்பு நிறுவனம் வீடு கொடுத்தது; ஹோல்டன் மோட்டார்த் தொழிற்சாலை வேலை கொடுத்தது; அயல்வீட்டாரின் பேச்சொலி பழக்கமானதாயிருந்தது. தகரக் கொட்டிலில் ஒடுங்கியவள் இங்கே தன் அடுப்பைத் தானே மூட்டினாள், வேலிக்கு அப்பால் பேச்சுத்துணையும் பெற்றாள். விருந்துத் தட்டு வெறிதாகச் செல்லவில்லை. அத்தொழிற்சாலை 2017 ஒக்டோபரில் மூடப்பட்டமை அந்நகர வரலாற்றின் வேறோர் இயல். 1966 இல் வேல்சிலிருந்து அடிலெயிட்டுக்கு வந்த ஒரு குடும்பம் நோயுற்ற மகளுக்கு வெப்பநாடு நலந்தரும் என்னும் மருத்துவர் கூற்றை நம்பி வந்தது. அம்மகள் யூலியா கிலாட் 2010 இல் நாட்டின் பிரதமரானார்.

திரும்பும் உரிமையே மறுக்கப்பட்டோர் குறித்தும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டிற் பெற்றோரின்றித் தனியே அனுப்பப்பெற்ற பிரித்தானியச் சிறுவர் ஏறக்குறைய ஏழாயிரவர் அவுஸ்திரேலிய நிலையங்களில் வளர்ந்தனர். பெற்றோர் உயிரோடிருக்கவும் இறந்தனரென அவர்களிற் பலரிடம் கூறப்பட்டது. அவர்க்கு ஏங்குதற்கு ஒரு முகவரிகூட இல்லை. 2009 நவம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமரும், 2010 பெப்ரவரியில் பிரித்தானியப் பிரதமரும் இதற்காக மன்னிப்புக் கோரினர்.

ஏனையோர் திரும்பாமலும் முற்றாக வேரூன்றாமலும் நெடுங்காலம் இருந்தமைக்குச் சட்டமும் இடந்தந்தது. அவுஸ்திரேலியக் குடியுரிமை என்பதே 1949 சனவரி 26 இல் தோன்றியது. எனினும் பிரித்தானியக் குடிமகன் அதனைப் பெறாமலே, ஆறுமாதம் வாழ்ந்தபின் வாக்காளர் இடாப்பிற் பெயர் பதியலாம். பதிந்துவிட்டு, முப்பது ஆண்டுகள் வரியும் செலுத்தி, பேரரையும் கண்டு, குடியுரிமைப் பத்திரத்தில் மாத்திரம் ஒப்பமிடாமல் இருந்தோர் பலர். உதவிப் பயணத் திட்டம் 1982 இல் முடிவுற்றது. 1984 சனவரி 26 முதல் புதிதாக வாக்குரிமை பெறுவோர் குடியுரிமையும் பெற்றிருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. முந்திய நாளளவில் இடாப்பிற் பெயர் இருந்த பிரித்தானியர்க்கு மாத்திரம் பழைய உரிமை நீடிக்கின்றது.