எடை

விடு என்பதிலிருந்து விடை, உடு என்பதிலிருந்து உடை; அதேபோல எடு என்ற வினையில் பிறந்தது எடை. சாந்தன்பாறையில் ஏலக்காய் மூட்டையைத் தராசில் வைப்பவருக்கு எடுக்கும்போது உணரும் கனம் என்ற இந்தப் பொருளே போதும். மூட்டை தட்டின் நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும் கிலோ மாறாது.

விமானத்தில் இடமும் கணக்கில் சேரும். இதே இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில், என்சிசி மாணவர்களின் பயிற்சிக்காக ஓடுபாதை அமைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பர் 1 அன்று அங்கே முதன்முதலில் இறங்கியது ‘வைரஸ் எஸ்டபிள்யூ 80’ என்ற இரண்டு இருக்கை விமானம். இத்தகைய விமானத்தில் வெற்று விமானம், ஆள், எரிபொருள், பை ஒவ்வொன்றின் எடையையும் கையேடு குறிக்கும் கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பழகுபவர் பெருக்க வேண்டும். பள்ளியில் படித்த திருப்புத்திறன்தான் இது. 10 கிலோ பை 1 மீட்டரில் 10, 3 மீட்டரில் 30. எல்லாத் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையை மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும்.

அது வரம்பைத் தாண்டி முன்னே போனால், இறங்கும்போது மூக்கைத் தூக்குவது சிரமம். பின்னே போவது இன்னும் ஆபத்து: வேகம் குறைந்து இறக்கை தாங்கும் திறனை இழந்தால், மூக்கைத் தாழ்த்தி மீள முடியாமலே போகலாம். மொத்த எடை அளவுக்குள் இருந்தாலும் இது நேரும்.