தீயணைப்பான் வகைகளும் தெரிவும்

தீயணைப்பான் என்பது தொடக்க நிலையிலுள்ள சிறு தீயை அணைப்பதற்குப் பயன்படும் கையடக்கக் கருவி ஆகும். எல்லா வகைத் தீக்கும் பொருந்தும் ஒரே தீயணைப்பான் இல்லை. தவறான வகையைப் பயன்படுத்தினால் தீ பரவவோ, பயன்படுத்துபவர் மின்னதிர்ச்சிக்கு உள்ளாகவோ கூடும். எனவே, ஓரிடத்தில் எரியக்கூடிய பொருள் எது என்பதை அறிந்தே அதற்கான தீயணைப்பானைத் தெரிவு செய்ய வேண்டும்.

வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் வில்லியம் மேன்பி 1818 ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவி, தற்காலத் தீயணைப்பானின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசலும் அழுத்தப்பட்ட காற்றும் நிரப்பப்பட்ட செப்புக் கலனாக அது இருந்தது.

தீயின் வகைகள்

எரிபொருள், வெப்பம், ஆக்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போதே தீ உண்டாகிறது. இவற்றுள் ஒன்றை நீக்குவதாலோ, எரிதலின் வேதிவினைத் தொடரை அறுப்பதாலோ தீ அணைகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் எரிபொருளின் அடிப்படையில் தீ பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

* ஏ வகை: மரம், தாள், துணி போன்ற திண்மங்கள்
* பி வகை: பெட்ரோல், மண்ணெண்ணெய், வண்ணப்பூச்சு போன்ற நீர்மங்கள்
* சி வகை: சமையல் எரிவளி போன்ற வளிமங்கள்
* டி வகை: மக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்கள்
* எஃப் வகை: சமையல் எண்ணெய், கொழுப்பு

ஐக்கிய அமெரிக்காவில் பி வகையிலேயே வளிமங்களும் அடங்கும். அங்கு சி வகை என்பது மின்னோட்டமுள்ள கருவிகளில் ஏற்படும் தீயையும், கே வகை என்பது சமையல் எண்ணெய்த் தீயையும் குறிக்கும். இதனால், இறக்குமதி செய்யப்பட்ட தீயணைப்பானில் உள்ள எழுத்தை எந்த முறைப்படி பொருள் கொள்வது என்று உறுதி செய்துகொள்ளுதல் இன்றியமையாதது.

தீயணைப்பான்களும் பயன்களும்

நீர்: வெப்பத்தைக் குறைத்து ஏ வகைத் தீயை அணைக்கிறது. மின்கருவிகளிலும் எண்ணெய்த் தீயிலும் பயன்படுத்தலாகாது. கொதிக்கும் எண்ணெயில் விழும் நீர் நொடியில் ஆவியாகிப் பன்மடங்கு விரிவதால், எரியும் எண்ணெய் நாற்புறமும் சிதறும்.

நுரை: நீர்மத்தின் மேல் படலமாகப் படிந்து ஆக்சிசனைத் தடுக்கிறது. ஏ, பி வகைகளுக்கு ஏற்றது. ஆல்ககால் சாதாரண நுரையைச் சிதைப்பதால், அதற்குத் தனிவகை நுரை தேவை.

உலர் பொடி: மோனோ அம்மோனியம் பாசுபேட்டு அடங்கிய பொடி ஏ, பி, சி வகைகளுக்குப் பயன்படும். சோடியம் பைகார்பனேட்டுப் பொடி பி, சி வகைகளுக்கு மட்டுமே ஏற்றது. எஞ்சும் பொடி மின்னணுக் கருவிகளை அரிக்கக்கூடும்.

கார்பன்-டை-ஆக்சைடு: மின்னோட்டத்தைக் கடத்தாது; எச்சமும் விடாது. ஆகையால் கணினி அறை, மின்பலகை ஆகியவற்றுக்கு உகந்தது. சிறிய மூடிய அறையில் மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

ஈர வேதிப்பொருள்: பொட்டாசியம் உப்புக் கரைசலான இது, சூடான எண்ணெயுடன் வினைபுரிந்து சவர்க்காரம் போன்ற படலத்தை உருவாக்குவதோடு எண்ணெயைக் குளிர்விக்கவும் செய்கிறது. உணவகச் சமையலறைகளுக்கு ஏற்றது.

உலோகத் தீக்கான பொடி: சோடியம் குளோரைடு, கிராஃபைட்டு போன்றவற்றால் ஆனது. எரியும் மக்னீசியம் நீருடனும் கார்பன்-டை-ஆக்சைடுடனும் வினைபுரியும் என்பதால், அவற்றை அதன்மீது பயன்படுத்தலாகாது.

முன்பு பரவலாகப் பயன்பட்ட ஆலோன் 1211, ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987 ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் நெறிமுறையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

தெரிவில் கவனிக்க வேண்டியவை

* மின்கருவி எரியும்போது முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
* எரிவளிக் கசிவை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைத்தால், தேங்கும் வளி வெடிக்கக்கூடும். அடைப்பிதழை மூடுவதே முதற்பணி.
* லித்தியம் அயனி மின்கலத் தீ, டி வகை உலோகத் தீயைச் சேர்ந்ததன்று. பொடி சுடரை அடக்கினாலும் கலத்தைக் குளிர்விக்காததால் தீ மீண்டும் பற்றக்கூடும்.
* கருவியை வெளியேறும் வழிக்கு அருகில், எளிதில் எட்டும் உயரத்தில் பொருத்த வேண்டும்.

இந்தியாவில் தீயணைப்பான்களைத் தெரிவு செய்தல், நிறுவுதல், பராமரித்தல் ஆகியவற்றுக்கான நடைமுறைகளை ஐஎஸ் 2190 என்னும் இந்தியத் தரம் வகுத்துள்ளது.

பயன்படுத்தும் முறை

பாதுகாப்பு ஊசியை இழுத்து, தூம்பு வாயைத் தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இருபுறமும் வீச வேண்டும். சிறிய தீயணைப்பான்கள் சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும். எனவே, வெளியேறும் வழி முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க வேண்டும். தீ கூரையை எட்டினாலோ புகை அறையை நிறைத்தாலோ அணைக்க முயலாது வெளியேறி, தீயணைப்புத் துறையை அழைப்பதே உயிர்காக்கும் வழியாகும்.