இதயத்தைப் படம்பிடித்த கதை – 7: மூச்சை அடக்க முடியாதவர்கள்

சென்ற வாரம் பார்த்த அட்கின்சன், எடெல்மன் இருவரும் ஒரே மூச்சடக்கலில் இதயத்தைப் படம்பிடித்தார்கள். அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தது ஓர் எளிய கணக்கு. எம்.ஆர்.ஐ. கருவி ஒரே நொடியில் படம் எடுத்துவிடாது. வரிவரியாகத் தரவு சேர்க்கும். ஒரு துடிப்புக்கு ஒரு வரி என்றால் 128 வரிக்கு 128 துடிப்பு, ஏறக்குறைய இரண்டு நிமிடம். மூச்சு விட்டால் இதயம் நகர்ந்து படம் கலங்கும்; அத்தனை நேரம் யார் மூச்சடக்குவது? துடிப்புக்கு எட்டு வரியாக அள்ளினால் 16 துடிப்பில் வேலை முடிந்துவிடும். 1991-இல் அவர்கள் திறந்துவிட்ட வழி இது.

ஆனால் அந்த 16 துடிப்பு நேரம்கூட எல்லோருக்கும் வாய்க்குமா? நுரையீரலில் நீர் கோத்து, மல்லாந்து படுத்தாலே மூச்சுமுட்டும் இதயச் செயலிழப்பு நோயாளிக்கு வாய்க்காது. சொன்னது விளங்காத பச்சைக் குழந்தைக்கு வாய்க்காது. ஒரு தடவையோடும் தீராது. இதயம் முழுவதையும் பார்க்க, அடுக்கடுக்காக மறுபடி மறுபடி மூச்சை நிறுத்தியாக வேண்டும். யாருடைய இதயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டுமோ, அவருடைய படம்தான் கலங்கிப்போனது. இதை வெறும் தொழில்நுட்பக் குறை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மாற்று வழியின் விதை 1989-இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் விழுந்திருந்தது. ஏமன், ஃபெல்ம்லி இருவரும் படத்துக்கான தரவுக்கு நடுவே, உடலின் அசைவை மட்டும் அளக்கும் ஒரு சிறு சமிக்ஞையைச் செருகினார்கள். 'நேவிகேட்டர்' என்று பெயர். பின்னால் வந்தவர்கள் அதை உதரவிதானத்தின் மேல் காவல் வைத்தார்கள். அமைதியாக மூச்சுவிடும்போதே உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். இதயமும் கூடவே இழுபடும். உதரவிதானம் சுமார் ஐந்து மில்லிமீட்டர் எல்லைக்குள் நிற்கும்போது வந்த தரவை வைத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளினார்கள். நோயாளி தன் போக்கில் மூச்சுவிடலாம்!

அதற்குக் கொடுத்த விலை நேரம். பாதிக்கு மேல் தரவு வீணாவது சாதாரணம். மூச்சு சீரற்று ஓடினால் ஸ்கேன் நீண்டுகொண்டே போகும். துடிப்பும் தாறுமாறாக இருந்துவிட்டால், பல துடிப்புகளிலிருந்து பொறுக்கிய வரிகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது.

அப்போதுதான் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. 1985-இல் 'ஃபிளாஷ்' முறையைத் தந்து எம்.ஆர்.ஐ.யின் வேகத்தையே மாற்றிய யென்ஸ் ஃபிராமின் குழு, 2010-இல் மூச்சை அடக்கச் சொல்லவில்லை. அடுத்த துடிப்புக்கும் காத்திருக்கவில்லை. ஒரு படத்துக்கு 20 மில்லி விநாடி. விநாடிக்கு 50 படம்! அதற்குள் சேர்ந்த தரவோ, பழைய கணக்குப்படி ஒரு படத்துக்கு வேண்டியதில் மிகச் சிறு பங்கு.

மீதியை எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? அடுத்த வாரம் கோட்டிங்கனில் சந்திப்போம்.